சேனல் சரியாத் தெரியாட்டி பிசிக்கல் லேயர் செக்கியூரிட்டி நிக்குமா? திருகோணமலை ஆக்கள் ஒருக்கா வாங்கோ

கோணேசபுரி_பெடி:
எல்லாருக்கும் வணக்கம். கம்பஸ்ல ஃபைனல் இயர், புரொஜெக்ட் தலைப்பு வயர்லெஸ்ல பிசிக்கல் லேயர் செக்கியூரிட்டி (கீய மட்டும் நம்பாம, சிக்னல் போற வழிட இயல்ப வச்சே ரகசியம் காக்கிறது). மட்லாப்ல சிமுலேஷன் போட்டிருக்கிறன், அனுப்புற பக்கம் 4 அன்ரெனா, வாங்குற பக்கம் (பொப்) 1, ஒட்டுக்கேக்கிறவன் (ஈவ்) 1. பாதிப் பவர் டேட்டாக்கு, பாதிப் பவர் செயற்கை நொய்சுக்கு, அந்த நொய்ஸ் பொப்ட சேனல்ல (அவனுக்குச் சிக்னல் போய்ச் சேர்ற வழியில) விழாத திசைகள்ல மட்டும் போகுது. சேனல் முழுசாத் தெரியும் எண்டு வச்சா பவர் கூட்டக் கூட்ட ரகசிய ரேட் (ஈவுக்குத் தெரியாம அனுப்பக்கூடிய பிட் அளவு) ஏறிக்கொண்டே போகுது, பேப்பர்ல இருக்கிற மாதிரியே. ஆனா சேனல் எஸ்டிமேஷன்ல (அளந்து மதிப்பிடுறதில) 10 வீதம் பிழை வச்ச உடன கிராஃப் ஒரு உயரத்தில தட்டையா நிண்டிட்டுது, எவ்வளவு பவர் குடுத்தும் அசையுதில்ல. ஏன்?

ரெண்டாவது, ஈவ்ட சேனல எப்பிடித் தெரிஞ்சு கொள்றது? அவன் ஒண்டும் அனுப்பாம சும்மா கேட்டுக்கொண்டு இருக்கிறவன். கன பேப்பர்ல "ஈவ்ட சேனல் தெரியும்" எண்டு ஒரு வரில எழுதிப்போட்டு அங்கால போயிடுறாங்க. சேர் வேற "ஊர்ல ஒரு உண்மையான லிங்குக்குப் பொருத்திக் காட்டு" எண்டு சொல்லியிருக்கிறார், கொட்டியாரக் குடாவைத் தாண்டி மூதூர்ப் பக்கம் போற லிங்க எடுப்பமா எண்டு யோசிக்கிறன்.

நொய்ஸ்_ஃப்ளோர்:
தம்பி, நல்ல கேள்வி, ரெண்டும் ஒரே வேரில இருந்து வாறது. முதல்ல அத்திவாரத்தச் சொல்றன். 1949ல ஷனன் ரகசியம் பற்றி எழுதேக்க ஒட்டுக்கேக்கிறவன்ட கைக்கும் சிக்னல் ஒரு பிழையும் இல்லாமப் போய்ச் சேருது எண்டுதான் எடுத்துக்கொண்டார், அதால முழு ரகசியம் வேணும் எண்டா கீ செய்தியளவுக்குக் குறையாம இருக்கோணும் எண்டு முடிஞ்சுது. 1975ல வைனர் கேட்டது வேற. ஒட்டுக்கேக்கிறவனுக்கும் நொய்ஸ் இருக்கும் தானே, அவன்ட சேனல் எங்கட சேனல விட மோசம் எண்டா கீயே இல்லாம ரகசியமா அனுப்பேலுமா? ஏலும் எண்டு காட்டினார். 1978ல சிஸாரும் கோர்னரும் அத பொதுவான சேனல்களுக்கு விரிச்சாங்க, அதே வருசம் லியுங்-யான்-சியோங்கும் ஹெல்மனும் காவுசியன் நொய்சுக்குக் கணக்குப் போட்டாங்க (டிஃபி-ஹெல்மன் எண்ட கீ பரிமாற்ற முறையில வாற அதே ஹெல்மன்தான்). விடை ஒரு கழித்தல் கணக்கு: பொப்ட கப்பாசிட்டியில (சேனலால பிழையில்லாமப் போகக்கூடிய உச்ச பிட் அளவில) இருந்து ஈவ்ட கப்பாசிட்டியக் கழிச்சா மிச்சம்தான் ரகசியமா அனுப்பக்கூடியது. மிச்சம் நெகட்டிவ் எண்டா சுழியம்.

இதில நம்பர் போட்டுப் பார்க்கோணும். பொப்புக்கு 20 டெசிபல், ஈவுக்கு 10 டெசிபல் எண்டு வையும். ஒரு ஹெர்ட்சுக்கு 6.66 பிட் கழி 3.46 பிட், மிச்சம் 3.2. இப்ப பவர 100 மடங்கு ஆக்கும். 13.29 கழி 9.97, மிச்சம் 3.32. நூறு மடங்கு பவருக்கு கூடினது கிட்டத்தட்ட எட்டில ஒரு பிட், ஏனெண்டா நாங்க சத்தமாக் கதைச்சா அவனுக்கும் சத்தமாத்தான் கேக்கும். அதுக்காகத்தான் கோயலும் நெகியும் 2008ல செயற்கை நொய்ஸ் வழியக் கொண்டு வந்தது, ஈவுக்கு மட்டும் நொய்ஸக் கூட்டுறதுக்கு. ஆனா அந்த வழி முழுக்க முழுக்க பொப்ட சேனல் எங்களுக்குச் சரியாத் தெரியும் எண்டதில நிக்குது. உம்மட கிராஃப் தட்டையானது அங்கதான், விரிவா இரவைக்கு எழுதுறன்.

கிண்ணியா_லிங்க்:
தம்பி குறை நினைக்காதீங்க, நான் மேல ஏறி டிஷ் பூட்டுற ஆள், தியரி படிச்சவன் இல்ல. ஆனா ஒரு விசயம் கேக்கோணும். எங்கட லிங்க் எல்லாத்திலயும் ஏஇஎஸ் (கீ வச்சுப் பூட்டுற சைஃபர்) ஓடுது, வீட்டு ரவுட்டர்ல டபிள்யூபிஏ3 (வைஃபை பாதுகாப்பு முறை) வந்திட்டுது. காத்தில போறத யார் பிடிச்சாலும் கீ இல்லாம வாசிக்கேலாது. அப்ப இந்தப் பாடு எதுக்கு?

நொய்ஸ்_ஃப்ளோர்:
நானா, ஏஇஎஸ்ஸ கழட்டச் சொல்லி நான் ஒரு நாளும் சொல்ல மாட்டன், சொல்றவங்கட பேச்சக் கேக்கவும் வேணாம். பிசிக்கல் லேயர் செக்கியூரிட்டி அதுக்கு மேல போடுற இன்னொரு அடுக்கு. ஏன் தேவை எண்டா, ஏஇஎஸ் உறுதிதான், ஆனா கீய ரெண்டு பக்கமும் கொண்டு போய்ச் சேர்க்கிற வேலையிலதான் உடைவு வாறது. 2017ல கிராக் எண்ட தாக்குதல் வெளிவந்தது, டபிள்யூபிஏ2ட கீ போடுற கைகுலுக்கல்ல இருந்த ஓட்டை அது, ஏஇஎஸ் சைஃபர ஒருத்தரும் உடைக்கேல்ல. அதோட இப்ப பட்டரியில வருசக்கணக்கா ஓடுற சின்ன சென்சர்கள் வருது, மீன்பிடித் துறைமுகத்தில ஐஸ் அறை வெப்பநிலை பாக்கிற மாதிரிச் சாமான், அதுகளுக்கு கீய மாத்தி மாத்திக் குடுக்கிறது பெரிய தலையிடி. இண்டைக்குப் பிடிச்சு வச்சு பத்து வருசத்துக்குப் பிறகு உடைக்கிறவனுக்கும் இது தடை, ஈவ்ட கைக்குப் போன சிக்னல்லயே தகவல் இல்லையெண்டா பிறகு என்ன கம்ப்யூட்டர் வந்தும் எடுக்க ஒண்டும் இருக்காது. ஆனா அந்த "இல்லையெண்டா"வ நிரூபிக்கிறதுதான் பாடு, இந்தத் திரெட்டே அதப் பற்றித்தான்.

நொய்ஸ்_ஃப்ளோர்:
சொன்ன மாதிரி தட்டைக் கிராஃபுக்கு வாறன். தம்பி, நொய்ஸ பொப்ட சேனலுக்குச் செங்குத்தா அனுப்புறம் எண்டு நினைக்கிறம், ஆனா உண்மையில நாங்க எஸ்டிமேட் பண்ணின சேனலுக்குத்தான் செங்குத்தா அனுப்புறம். ரெண்டுக்கும் இடையில 10 வீதப் பிழை எண்டா, நாங்களே செய்த நொய்ஸ்ல 10 வீதம் பொப்ட தலையிலயே கொட்டுது.

மொத்தப் பவர் ரிசீவர் நொய்ஸ விட 100 மடங்கு எண்டு வையும். 50 டேட்டாக்கு, 50 செயற்கை நொய்சுக்கு. பிழையே இல்லாட்டி 4 அன்ரெனாட கூட்டுப் பலத்தோட பொப்புக்கு 200, அதாவது 23 டெசிபல், 7.65 பிட் (சேனல்ட பலம் சராசரியில இருக்கு எண்டு வச்சுத்தான் இந்தக் கணக்கெல்லாம்). பிழை 1 வீதம் எண்டா கசிவு 0.5, நொய்ஸ் 1ல இருந்து 1.5 ஆகுது, 1.8 டெசிபல் போச்சு, தாங்கலாம். பிழை 10 வீதம் எண்டா கசிவு 5, மொத்த நொய்ஸ் 6, சிக்னலும் 180 ஆக் குறையுது, 180ஐ 6ஆல பிரிச்சா 30, அது 4.95 பிட். இப்ப பவர 100 மடங்கு கூட்டும். சிக்னல் 18000, கசிவு 500, விகிதம் 36க்கு மேல போகவே போகாது, 5.2 பிட்டில கிராஃப் படுத்திடும். கசிவும் சிக்னலோட சேர்ந்து வளருது, அதுதான் நீர் பாத்த தட்டை. அதால டேட்டாப் பவர் கூட்டுறது வீண், அந்தப் பவர பைலட்டுக்கு (சேனல அளக்க அனுப்புற, முன்னமே தெரிஞ்ச சிக்னல்) குடுத்து பிழையக் குறையும். பிழை பைலட்ட மொத்த எனர்ஜியோட கிட்டத்தட்ட தலைகீழா இறங்கும். 10 வீதத்துக்கு பைலட் எனர்ஜி நொய்ஸப்போல 9 மடங்கு போதும், 1 வீதத்துக்கு 99 மடங்கு வேணும்.

கோணேசபுரி_பெடி:
அக்கா, பொப்ட பக்கம் இப்ப நல்லா விளங்கிட்டுது. ஈவ்ட பக்கம்? அவன்ட ரிசீவர் என்ன தரம், எவ்வளவு கிட்ட நிக்கிறான் எண்டு ஒண்டுமே தெரியாம என்னெண்டு ஒரு நம்பர் எழுதுறது?

நொய்ஸ்_ஃப்ளோர்:
தெரியாதத தெரியும் எண்டு எழுத வேணாம். மோசமானதயே எடுத்துக்கொள்ளும்: ஈவ்ட ரிசீவர்ல நொய்ஸே இல்ல, எங்கட சுவருக்குப் பக்கத்திலயே நிக்கிறான். அப்பவும் எங்கட செயற்கை நொய்ஸ் அவன விடாது. அவன்ட சேனல் சிதறலுள்ள ரேலி ஃபேடிங் (நேர்க்கதிர் இல்லாம, பல வழியால வந்து எழுமாத்தா ஏறி இறங்கிறது) எண்டா, அவன்ட சிக்னல்-நொய்ஸ் விகிதம் x ஐத் தாண்டுற வாய்ப்புக்கு 4 அன்ரெனா, பாதிக்குப் பாதி பவர் கேஸ்ல ஒரு வடிவான சூத்திரம் வருது: x ஐ 3ஆல பிரி, 1 கூட்டு, அத மூண்டாம் அடுக்கு ஆக்கு (2 எண்டா 8), 1ஐ அதால பிரி. x 3 எண்டா எட்டில ஒண்டு. x 9 எண்டா 64ல ஒண்டு, அதாவது 1.6 வீதம். x 15 எண்டா 216ல ஒண்டு, அரை வீதத்துக்கும் குறைவு. இதில ஈவ்ட தூரமும் இல்ல, அவன்ட கருவியும் இல்ல, கவனிச்சீரோ? அவன் கிட்ட வந்தா டேட்டாவும் நொய்சும் ஒரே அளவில கூடும், விகிதம் மாறாது.

இத ரேட்டுக்கு இப்பிடி மாத்தோணும். வைனர் முறையில ஒரு செய்திக்கு ஒரு கோட்வேர்ட் இல்ல, கனக்க இருக்கு, அனுப்பேக்க அதில ஒண்ட எழுமாத்தா எடுக்கிறம். அந்த எழுமாத்துப் பகுதிக்கு எவ்வளவு பிட் ஒதுக்கிறமோ அவ்வளவுக்கு ஈவ்ட கப்பாசிட்டி நிரம்பிடும், செய்திக்கு இடமில்ல. x 9க்கு 3.32 பிட் ஒதுக்கோணும். பொப்புக்கு 4.95 போகுது எண்டா மிச்சம் 1.63 பிட், நூறுக்கு ஒண்டரைத் தரம் கசியலாம் எண்ட ஒப்பந்தத்தோட. அரை வீதத்துக்கும் கீழ வேணும் எண்டா 4 பிட் ஒதுக்கோணும், மிச்சம் 0.95. இதத்தான் சீக்ரசி அவுட்டேஜ் எண்டு சொல்றது. "முழுப் பாதுகாப்பு" எண்டு றிப்போட்ல எழுதாதேயும், எத்தின வீதத்தில உடையும் எண்டு எழுதும், என்னைப் பொறுத்தவரை அதுதான் நேர்மை.

ஒரு முக்கியமான நிபந்தனை: ஈவுக்கு 1 அன்ரெனா எண்டுதான் இந்தக் கணக்கு. அவனிட்ட 4 இருந்தா எங்கட 3 நொய்ஸ் திசையையும் அவன் கழிச்சு எறிஞ்சிடுவான், எல்லாம் முடிஞ்சுது.

கிண்ணியா_லிங்க்:
வாசிச்சன், மெதுவா வாசிச்சா விளங்குது. ஆனா தம்பி கடலுக்கு மேலால போற லிங்க எடுக்கப் போறன் எண்டு சொன்னீங்க, அதில எனக்கு அனுபவம் இருக்கு, சொல்லாம இருக்கேலாது. 5.8 ஜிகாஹெர்ட்ஸ் டிஷ், 5 டிகிரி பீம் எண்டு சொல்லி விக்கிறது. ஆக்கள் அத ஒரு கோடு மாதிரி நினைக்கிறாங்க. டோர்ச் மாதிரி விரியும் அது, 10 கிலோமீற்றர் போகேக்க அந்தப் பீம் 870 மீற்றர் அகலம். நடுக் குடாவில ஒரு வள்ளம் அந்த நேர்கோட்டில நிண்டா அதுக்கு பாதித் தூரம்தான், மூதூர்ப் பக்க டிஷ்ஷுக்கு வாறத விட 6 டெசிபல் கூடக் கிடைக்கும். இரவில பாத்தா குடா முழுக்க வெளிச்சம் வச்ச வள்ளம்தான், எது மீன்பிடிக்குது எது வேற என்ன செய்யுது எண்டு மாஸ்ட்ல இருந்து பாத்துச் சொல்லேலுமா? நீங்க சொன்ன கழித்தல் கணக்குப்படி பாத்தா மிச்சம் சுழியம் தானே?

நொய்ஸ்_ஃப்ளோர்:
ஓம் நானா, சுழியம்தான். இன்னும் மோசம் சொல்றன். அங்க செயற்கை நொய்சும் உதவாது. நான் மேல குடுத்த சூத்திரம் சிதறல் உள்ள இடத்துக்கு, சுவர், தளபாடம், ஆக்கள் எண்டு சிக்னல் பல வழியால வாற இடத்துக்கு. அங்க ரெண்டு அடி தள்ளினா சேனல் வேற. கடலுக்கு மேல நேர்ப்பார்வை, கூட இருக்கிறது தண்ணில பட்டு வாற ஒரு கதிர் மட்டும். வள்ளமும் டிஷ்ஷும் ஒரே திசையில இருந்தா 4 அன்ரெனாக்கும் ரெண்டு பேரும் ஒரே ஆள்தான், பொப்புக்கு நொய்ஸ் விழாத மாதிரிச் செய்தா வள்ளத்துக்கும் விழாது. தம்பி, கடல் லிங்க எடுத்தா இத முன்னுக்கு எழுதும், இது தோல்வி இல்ல, ரேலி எடுகோள் எந்த இடத்தில செல்லாது எண்டு காட்டுறதும் ஒரு முடிவுதான்.

கோணேசபுரி_பெடி:
அப்ப கடல்ல சேனலே மாறாதா? மாறாட்டி எஸ்டிமேஷன் லேசு தானே அக்கா.

கிண்ணியா_லிங்க்:
மாறும் தம்பி, மாறாம எங்க. காலம நான் அலைன் பண்ணி விட்டுட்டு இறங்கினா பின்னேரம் மீட்டர்ல வேற நம்பர். டிஷ்ஷும் ஆடேல்ல, உப்புக்காத்து கனெக்டரையும் இன்னும் தின்னேல்ல, புதுசா டேப் சுத்தின கனெக்டர். நீர்மட்டம்தான். நான் பிறகு கண்டுபிடிச்சது, டிஷ்ஷ இன்னும் உயர்த்தினா எல்லாம் சரியாகும் எண்டு இல்ல, சில உயரத்தில இன்னும் மோசமாகுது.

நொய்ஸ்_ஃப்ளோர்:
நானா சொல்றது கணக்கிலயும் வருது. ரெண்டு பக்கமும் 30 மீற்றர் உயரம், தூரம் 10 கிலோமீற்றர் எண்டா, தண்ணில பட்டு வாற கதிர் நேர்க்கதிர விட 18 சென்றிமீற்றர் கூட ஓடுது. 5.8ல ஒரு அலைநீளம் 5.2 சென்றிமீற்றர் மட்டில, அப்ப மூண்டரை அலை வித்தியாசம். நீர்மட்டம் அரை மீற்றர் ஏறினா அந்த 18ல 0.6 சென்றிமீற்றர் குறையும், ஃபேஸ்ல அது 41 டிகிரி. ரெண்டு கதிரும் கூடுதா கழியுதா எண்டு அதுதான் தீர்மானிக்குது. இது மணித்தியாலக் கணக்கில மெதுவா நடக்கிறது, பைலட்டால பிடிக்கலாம். அதுக்கு மேல அலையடிக்கிறது வேகமா ஆட்டும். வெப்பமான கடலுக்கு மேல நீராவியால டக்ட் (சிக்னலக் குழாய் மாதிரி வழிநடத்துற காத்துப் படை) ஒண்டு உருவாகி மைக்ரோவேவ் சிக்னல அடிவானத்துக்கு அங்காலயும் கொண்டு போறது தெரிஞ்ச விசயம், அதால "தூரத்தில ஒருத்தரும் கேக்கேலாது" எண்டும் நம்பி இருக்கேலாது.

உப்புவெளி_கரை:
இடைக்குள்ள வாறதுக்கு மன்னிக்கோணும், கெஸ்ட்ஹவுஸ் நடத்துறன், நெட்வேர்க்கிங் கொஞ்சம் படிச்சனான். எனக்கு இருக்கிற பிரச்சினை வேற. ஒட்டுக்கேக்கிறவன் வெளியால இல்ல, வைஃபைல கனெக்ட் ஆகி இருக்கிற இன்னொரு விருந்தாளியா இருக்கலாம். அவர்ட சேனல ரவுட்டர் பாத்துக்கொண்டுதானே இருக்கு?

நொய்ஸ்_ஃப்ளோர்:
அருமையான கேள்வி, ஈவ்ட சேனல் தெரியும் எண்டு வைக்கிறது நியாயமா இருக்கிற இடம் இதுதான். அவரும் பதிவான யூசர், பைலட் அனுப்புறவர், ஆனா அவர்ட சேனல் விபரம் கொஞ்சம் பழசு, கொஞ்சம் பிழை. இங்க உண்மைச் சேனல் எங்கட எஸ்டிமேட்டச் சுத்தி ஒரு குறிப்பிட்ட ஆரைக்குள்ள எங்கயோ இருக்கு எண்டு வச்சு, அந்த வட்டத்துக்குள்ள எது மோசமோ அதுக்கும் தாங்கிற மாதிரி பீம வடிவமைக்கிறாங்க. எண்ணமுடியாத நிபந்தனைகள எஸ்-லெம்மா எண்ட கணிதத் தேற்றத்தால ஒரே மேட்ரிக்ஸ் நிபந்தனையா மாத்தினா மட்லாப்ல சிவிஎக்ஸ் எண்ட மென்பொருள் தீர்த்துத் தரும். எனக்கு இதில ஒரு மனக்குறை இருக்கு. ஆரைய யார் தீர்மானிக்கிறது? பெரிசா வச்சா ரேட் சுழியத்துக்கு விழும், சின்னனா வச்சா நிண்ட இடத்தில இருந்து ஒருக்கா நடந்தாலே வெளிய போயிடுவார். குவாண்டைஸ் பண்ணின (சில பெறுமானங்களுக்கு மட்டும் வட்டமாக்கி அனுப்பின) ஃபீட்பேக்ல வாற பிழைக்கு அந்த எல்லை உண்மையாவே இருக்கு, அங்க பாவிக்கலாம். நொய்ஸால வாற பிழைக்கு எல்லையே இல்ல, அங்க வாய்ப்பு வீதத்திலதான் எழுதோணும்.

சிற்றலை_ரேடியோ:
நான் ரேடியோக் கிறுக்கு, முந்தி டொய்ச்ச வெல்ல (ஜேர்மன் வானொலி) திருகோணமலையில ரிலே ஸ்டேஷன் வச்சு அனுப்பேக்கயே அன்ரெனா கட்டித் திரிஞ்சவன். ஒரு விசயம் ஒருத்தரும் சொல்லேல்ல. ஈவ் சும்மா இருக்கிறவன் எண்டு ஏன் எடுத்துக்கொள்றியள்? பொப் பைலட் அனுப்புற அதே நேரம் அவனும் அதே பைலட்ட அனுப்பினா என்ன நடக்கும்?

நொய்ஸ்_ஃப்ளோர்:
அண்ணை, அதுதான் இதில பெரிய ஓட்டை, சோ, மாஹம், யோருங்னஸ் மூண்டு பேரும் 2012ல எழுதினது. பைலட் எல்லாருக்கும் தெரிஞ்ச தொடர். ரெண்டு பேரும் ஒண்டா அனுப்பினா எங்களுக்கு ரெண்டு சேனலும் கூடின ஒரு எஸ்டிமேட்தான் வரும், நாங்க சந்தோசமா பீம பாதி அவன்ட பக்கமும் திருப்பிடுவம், நொய்ஸையும் அவனுக்கு விழாம ஒதுக்கிக் குடுப்பம். அவன் பவரக் கூட்டினா எங்கட பீம் முழுக்க அவனுக்குத்தான். பிடிக்கிறதுக்கு ஒரு வழி, பொப் பைலட்ட நிலையான தொடரா வைக்காம எழுமாத்தான ஃபேஸ்ல ரெண்டு சிம்பல் அனுப்புறது. ரெண்டையும் ஒப்பிடேக்க ஃபேஸ் வித்தியாசம் அனுமதிச்ச கோணங்கள்ல விழுந்தா ஒராள்தான் அனுப்பினது, இடையில எங்கயோ விழுந்தா கூட இன்னொருத்தன் கலந்திருக்கான். தம்பி, ஒரு பேப்பர்ல ஈவ் செயல்படாதவன் எண்டு எழுதியிருந்தா அந்த வரிக்குக் கீழ பென்சிலால கோடு போடும்.

கோணேசபுரி_பெடி:
பெரிய உதவி எல்லாருக்கும். அப்ப நான் கடல விட்டிட்டு கம்பஸ் லேப் கட்டிடத்துக்குள்ள 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சென்சர் லிங்க எடுக்கிறன், கடல் லிங்க ஒரு அத்தியாயமா எடுகோள் உடையிற உதாரணமா வைக்கிறன். கடைசியா ஒண்டு, பைலட்டுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? யார் அனுப்புறது?

நொய்ஸ்_ஃப்ளோர்:
பொப் அனுப்பட்டும். நாங்க பைலட் அனுப்பினா ஈவும் அதக் கேட்டு தன்ட சேனலப் படிச்சுக்கொள்ளுவான், பொப் அனுப்பினா எங்களிட்ட இருந்து ஈவுக்குப் போற சேனல அவன் அறிய வழி குறையும். ஒரே ஃப்ரீக்குவன்சில மாறி மாறி அனுப்புற சிஸ்டம்ல ரெண்டு திசைச் சேனலும் ஒண்டுதான், ஆனா கருவிக்குள்ள அனுப்புற சேர்க்கிட்டும் வாங்குற சேர்க்கிட்டும் ஒண்டில்ல, கலிப்ரேஷன் செய்யாட்டி அதுவே 10 வீதப் பிழையக் கொண்டு வந்திடும்.

நேரத்துக்கு, 2.4ல அலைநீளம் 12.5 சென்றிமீற்றர். ஆக்கள் செக்கனுக்கு 1 மீற்றர் நடந்தா டொப்ளர் (அசைவால வாற ஃப்ரீக்குவன்சி மாற்றம்) 8 ஹெர்ட்ஸ், சேனல் 53 மில்லிசெக்கன் மட்டில மாறாம இருக்கும். செக்கனுக்கு 2.5 லட்சம் சிம்பல் அனுப்பினா அந்த நேரத்துக்குள்ள 13 ஆயிரம் சிம்பல். பைலட்டுக்கு 100 சிம்பல் எடுத்தாலும் 1 வீதம் கூட இல்ல, ஒவ்வொண்டும் நொய்ஸ் அளவுக்கே வந்து சேர்ந்தாலும் பிழை 1 வீதத்துக்கு இறங்கிடும். முதல்ல 9 சிம்பல், பிறகு 100 எண்டு ரெண்டு கிராஃப் போட்டு, எடுத்ததும் இந்தத் திரெட்லயே போடும், அதோட பொப்ட ரிசீவர நடு ஹோல்ல ஒரு தரம், ஜன்னலோரம் நேர்ப்பார்வை வாற இடத்தில ஒரு தரம் வச்சு அளந்து பாரும். ஜன்னலோர அளவில ரேலி பொருந்தாட்டி ரைசியன் (சிதறலோட ஒரு பலமான நேர்க்கதிரும் உள்ள மாடல்) போட்டு அவுட்டேஜ் வீதத்தத் திருப்பிக் கணக்கிடோணும்.